வயர் அறுத்த பிறகும் பாடிய கடை

கண்டி நகரத்துக் கொழும்பு வீதியில் மாடிப்படி ஏறிப் போகிற மஸாஹிராவின் இசைத்தட்டுக் கடைக்கு மின்சாரம் இல்லாமல் போய் மூன்றாவது வருடம் நடக்கிறது; தட்டுகள் இன்னும் சுற்றுகின்றன. பாட்டு ஸ்பீக்கரில்தான் கேட்கிறது, அதுவும் நல்ல சத்தமாக. மீற்றர் பார்க்க வருகிற மனிதர் மாதாமாதம் மூச்சிரைக்கப் படியேறி, அசையாத மீற்றரையும் சுற்றுகிற தட்டையும் மாறி மாறிப் பார்த்து, பூச்சியம் என்று குறித்துக்கொண்டு, பிடித்த பாட்டு ஓடினால் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டு இறங்கிப் போகிறார். நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம் மட்டும் கடை பூட்டியிருக்கும். அந்த நேரத்தில் வந்து கதவைத் தட்டிவிட்டு, எல்லாம் பொய் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரியவேண்டாம்.

மஸாஹிரா திகனக்காரி. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவர்கள் கம்பளியும் பால்மாவும் தங்க வளையலுமாகத் திரும்பி வந்த காலத்தில், அவள் ஒரு பெட்டி நிறையக் கசட் கொண்டு வந்து இறங்கினாள். வேலை செய்த வீட்டார் குப்பையில் போட எடுத்து வைத்ததைக் கேட்டு வாங்கியிருந்தாள். வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். "இத வச்சி என்ன செய்யப் போற, திங்கவா?" என்று அவளோடு கூடப்பிறந்த நானா கேட்டார். விற்கப் போகிறேன் என்றாள். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் நடைபாதையில் சாக்கு விரித்து விற்றாள். பிறகு இந்த மாடி அறையை வாடகைக்கு எடுத்தாள். ஒஸ்ரேலியாவுக்கும் கனடாவுக்கும் போகிறவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது தளபாடத்துக்கு ஆள் வருவார்கள், தட்டுகளுக்கு ஆள் வரமாட்டார்கள்; மஸாஹிரா முச்சக்கர வண்டியில் போய் அள்ளிக்கொண்டு வருவாள். கசட் ஓய்ந்தது, அவள் மூடவில்லை. சீடி வந்து சீடியும் ஓய்ந்தது, மூடவில்லை. எல்லாப் பாட்டும் எல்லோருடைய சட்டைப் பையிலும் போய் உட்கார்ந்த பிறகு, அந்த வீதியில் பாட்டு விற்ற மற்றக் கடைகளெல்லாம் போனுக்கு உறை விற்கிற கடைகளாயின. ஊரே போனில் பாட்டுக் கேட்கிறதே ராத்தா, இனி எதற்கு இது என்று கேட்டவர்களிடம், "ஊரே வீட்டுல சோறாக்குது எண்டு ஹோட்டல மூடுறாங்களா?" என்று கேட்டாள். 

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. அல்பம் வாங்க வருகிறவர் அடுக்குகளில் எவ்வளவு நேரமும் புரட்டிப் பார்க்கலாம், உறையை முகர்ந்தும் பார்க்கலாம், சிலர் அதற்காகவே வருகிறார்கள். ஆனால் ஒரு பக்கம் முழுவதையும் கடையில் நின்று கேட்காமல் எதையும் விற்கமாட்டாள். பாட்டு நடுவில் இருக்கும்போது வந்தவர், அந்தத் தட்டையே விரும்பினால், மறுபடி முதலிலிருந்து போடும்வரை நிற்கவேண்டும். கேட்டுப் பிடிக்காவிட்டால் வாங்காமல் போகலாம். கேட்காமல் வாங்கிப் போக முடியாது. ஒருமுறை வாவிக் கரையில் புதிதாகக் கட்டிய ஹோட்டலுக்காரர் ஒருவர், வரவேற்பறைச் சுவரில் ஒட்டுவதற்கு ஓர் அலுமாரித் தட்டுகளை அப்படியே தரும்படி கேட்டு வந்தார். சொன்ன விலைக்கு மேல் தருவதாகவும் சொன்னார். "சுவத்துல மாட்டுற எண்டா கலண்டர் வாங்குங்கொ" என்று அவள் அனுப்பிவிட்டாள். வாடகை கட்டக் கஷ்டப்பட்ட மாதம் அது. திமிர் பிடித்தவள் என்று வீதி பேசியது; உண்மைதான், திமிர் பிடித்தவள்தான்.

வாடிக்கைக்காரர்களில் லோஜினி என்று ஒரு பிள்ளை. பிலிமத்தலாவையில் வீடு, கண்டி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை. சம்பளம் வந்ததும் ஓர் அல்பம் வாங்குவாள், ஆனால் அதைப் போட்டுக் கேட்க வீட்டில் ப்ளேயர் கிடையாது. எதற்குத்தான் வாங்குகிறாய் என்று மஸாஹிரா ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். "போன்ல இருக்க பாட்டு நம்மளுது இல்லக்கா. நேத்து இருந்துச்சு, இன்னைக்கு தேடுனா காணோம், எடுத்துட்டாங்களாம். இத எவன் வந்து எடுப்பான்னு பாக்குறேன்" என்றாள் லோஜினி. வாங்கியதையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு வந்து, கடையிலேயே போட்டுக் கேட்டுவிட்டு, திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போவாள். மஸாஹிராவுக்கு அவளை அன்றிலிருந்து ரொம்பப் பிடித்துப் போயிற்று.

நாட்டில் எண்ணெயும் இல்லை, காசும் இல்லை என்று நாள் முழுக்க மின்சாரம் வெட்டிய அந்த வருடத்தில்தான் விஷயம் தெரிய வந்தது. லோஜினி ஒரு பக்கம் கேட்டுக்கொண்டு நின்றபோது கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, விளக்கு அணைந்தது, கீழே வீதியில் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் அதைக் கவனிக்கவே இல்லை. வேர்த்துக் கொட்டிய பிறகுதான் மஸாஹிரா மேலே மின்விசிறியைப் பார்த்தாள், பிறகு தட்டைப் பார்த்தாள், பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். பாட்டு பாட்டாகவே இருந்தது. அப்போது லோஜினியின் போன் அடித்தது. அவள் எடுத்து ஹலோ என்றதும் தட்டு தளர்ந்தது, பாடகியின் குரல் எருமைக் குரலாக இறங்கியது. போனை வைத்துவிட்டு அவள் காதைத் திருப்பியதும் குரல் ஏறி வந்து தன் இடத்தில் நின்றது. இப்படியாகக் கடையின் வழி புரிந்தது: யாராவது ஒருவர் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருக்கும்வரை தட்டு சுற்றும். மஸாஹிரா தானே கேட்டுப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் அது அசையவில்லை. பாட்டு ஓடும்போது அவள் கண் வாங்குகிறவர் முகத்திலும் மனம் அடுக்கிலும் இருந்து பழகியவை. கடைக்காரியின் காது அப்படித்தான். அது அவளுக்குக் கவலையாக இருந்தது.

கட்டடம் பவாஸ் ஹாஜியாருடையது. அவர் அதே வீதியில் பெட்டரி வியாபாரம் செய்கிறவர். ஊர் இருட்டில் கிடந்த அந்த வருடம் அவருக்கு நல்ல வெளிச்சம். கையில் பணம் புரண்டதும் கட்டடத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட ஆசை வந்தது. கீழே இருந்தவர்கள் பேசி முடித்து எழும்பிப் போனார்கள். மஸாஹிரா எழும்பவில்லை. அவர் தூது அனுப்பினார், வாடகையை ஏற்றினார், கடைசியில் ஒரு காலை ஆள் கொண்டுவந்து மாடிக்குப் போகிற வயரை அறுத்துவிட்டார். மாலையில் சாவி வரும் என்று காத்திருந்தவருக்குப் பாட்டுச் சத்தம்தான் வந்தது. ஹாஜியார் மேலே ஏறினார். அவருக்குப் பெட்டரியைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. எந்தப் பெட்டரி எவ்வளவு நேரம் இழுக்கும் என்று தூக்கிப் பார்த்தே சொல்லுவார். அதுதான் அவரைக் கெடுத்தது. கடைக்குள் எங்கோ ஒரு பெட்டரி ஒளிந்திருக்கிறது என்று அவர் மனதில் விழுந்துவிட்டது, அதற்குமேல் எதுவும் ஏறவில்லை. அடுக்குகளுக்குப் பின்னால், கதிரைக்கு அடியில், கூரைப் பலகைக்கு மேலே எல்லாம் பார்த்தார்.

"பெட்டரி இரிக்கிண்டா தேடி எடுங்கொ ஹாஜியார். கெடச்சா அது உங்களுக்கே" என்றாள் மஸாஹிரா. கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஹாஜியாருக்குச் சூடு ஏறிவிட்டது. படிக்கட்டில் நின்றபடி, கீழே தேத்தண்ணிக் கடையில் இருந்த வியாபாரிகளுக்கெல்லாம் கேட்கும்படி சத்தியம் செய்தார்: "மிஞ்சிப் போனா ரெண்டு நாள் இழுக்கும். வல்லாஹி, இந்தப் பாட்டு நிக்கிற வரைக்கும் நான் கடையில கை வெக்க மாட்டேன். ராவும் ஜும்ஆவும் கணக்கில்ல, கட நேரத்துல நிண்ட அண்டைக்குச் சாவி என்ட கையில இரிக்கணும். கடயத் தொறக்காட்டியும் நிண்டதாத்தான் கணக்கு." மஸாஹிரா, நின்றால் தருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வாப்பா காலத்திலிருந்து ஒரு துண்டு எழுத்தும் இல்லாமல் வாய்ச்சொல்லிலேயே வியாபாரம் நடத்தி வந்த மனிதர் ஹாஜியார். சொன்னதை விழுங்கினால் மறுநாள் எவரும் அவருக்குக் கடனுக்குச் சாமான் இறக்கமாட்டார்கள். பொலிசுக்குப் போகச் சொல்லி அவளுக்குச் சிலர் புத்தி சொன்னார்கள். வயர் இல்லாமலே ஓடுகிறபோது வயருக்காகப் பொலிசில் போய் நிற்பானேன் என்று அவள் கேட்டாள்.

இரண்டு நாள் போனது, இரண்டு மாதமும் போனது. யாரும் முறை போட்டு வரவில்லை, ஆனால் கடையில் எப்போதும் யாராவது கேட்டுக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகளின் டியூசன் முடியும்வரை வெயிலில் காய்ந்துகொண்டிருந்த தாய்மார் மேலே வந்து கேட்டார்கள். ஹயருக்கு ஆள் இல்லாத நேரம் முச்சக்கர வண்டிக்காரர்கள் வந்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் வந்து தட்டுகளைப் பிடித்துப் படமெடுத்தார்கள். போனை உள்ளே வை என்று வண்டிக்காரர்கள் அதட்ட, அவர்களும் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். ஒரு பக்கம் முடிவதற்குள் பக்கத்துப் ப்ளேயரில் அடுத்ததன் ஊசியை வைத்துவிட மஸாஹிரா பழகியிருந்தாள். ஹாஜியார், அந்தக் கடையில் ஜின் இருக்கிறது என்று ஒரு கதையை அவிழ்த்துவிட்டார். ஜின்னைப் பார்க்க திகனவிலிருந்தும் அக்குறணையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், ஜின்னைக் காணாமல் பழைய கஸீதாப் பாட்டுக் கசட்டுகளை வாங்கிக்கொண்டு போனார்கள். வியாபாரம் கூடியது. அறுந்த வயர் சுவரில் தொங்கியது, மஸாஹிரா அதில் துடைக்கிற துணிகளைக் காயப்போட்டாள்.

பிறகு அந்த நவம்பர் மழை வந்தது. அது என்னென்ன கொண்டுபோனது, யார் யாரைக் கொண்டுபோனது என்று இந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. இங்கே கடையின் கதை மட்டும். கடுகண்ணாவையில் மண் சரிந்து வீதியும் ரயிலும் நின்றன, பஸ் இல்லை, டியூசன் இல்லை, மகாவலி எங்கெங்கோ ஏறிவிட்டது. இந்த ஒரு நாள் கடையைத் திறக்காமல் இருக்க ஹாஜியாரிடம் ஒரு வார்த்தை கேள் என்று வீட்டார் மன்றாடினார்கள். "அவருட்ட லீவு கேக்க நான் அவருக்கா வேல செய்றேன்?" என்று மஸாஹிரா இப்போது குடியிருக்கிற மஹியாவையிலிருந்து குடையோடு நடந்தாள், குடை வழியிலேயே போய்விட்டது. கடைப் படியில் லோஜினி உட்கார்ந்திருந்தாள். இரவு முழுக்க வேலை, வீட்டுக்குப் போக வழி இல்லை. "தொறங்கக்கா, நான் கேக்குறேன்" என்றாள். கண்கள் சிவந்து கிடந்தன.

மஸாஹிரா முந்தின வாரம் கடுகண்ணாவையில் ஒரு வீடு காலி செய்தபோது கொண்டுவந்த தட்டொன்றை வைத்தாள். பச்சை லேபல், எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. யாரோ ஒரு பெண் தமிழில் பாடியிருந்தாள், யார் என்று எவருக்கும் தெரியாது. முதல் பாட்டு முடியும்போது படிக்கட்டில் சத்தம் கேட்டது. பவாஸ் ஹாஜியார், சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, தாடியில் தண்ணீர் சொட்ட நின்றார். பெட்டரிச் சந்தேகம் போகாவிட்டாலும், கேட்க ஆள் இல்லாவிட்டால் தட்டு நிற்கும் என்ற ஊர்ப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது; இன்றைக்கு எவன் வருவான் என்று கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தார். நிற்பதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் அவருக்கு. மஸாஹிரா பிளாஸ்கிலிருந்து இஞ்சிப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். நனைந்து வந்த மனிதன் யாரானாலும் தேத்தண்ணி கொடுக்க வேண்டும் அல்லவா. அவர் வாங்கிக் குடித்துவிட்டு, தட்டுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மூன்றாவது பாட்டில் லோஜினியின் தலை சரிந்தது. அடுக்கில் சாய்ந்தபடியே அவள் உறங்கிவிட்டாள். தட்டு தளர்ந்தது. மஸாஹிரா அவளைப் பிடித்து உலுக்கினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், பிள்ளை அசையவில்லை. என் கடை, நானே கேட்கிறேன் என்று தட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். காதைக் கொடுக்கக் கொடுக்க, கூரையில் ஒழுகுகிற சத்தமும் மூலையில் நனைகிற பெட்டிகளும்தான் அவளுக்குக் கேட்டன. பாடகியின் குரல் கீழே, கீழே போனது. அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நடைபாதையில் சாக்கு விரித்த நாளிலிருந்து சேர்த்த எல்லாம் இந்தத் தட்டின் கடைசி ஒரு சுற்றில் இருந்தது. அழுகை வந்தது, இந்த மனிதனுக்கு முன்னால் அழமாட்டேன் என்று பல்லைக் கடித்தாள்.

ஹாஜியார் கதிரையிலிருந்து எழும்பினார். நின்றதா, நிற்கவில்லையா என்று பிறகு எவரும் தர்க்கம் பண்ணக்கூடாது. கடைசி மூச்சு வரைக்கும் கேட்டுவிடவேண்டும் என்று குனிந்து ஸ்பீக்கரோடு காதை ஒட்டிவைத்தார். அந்தக் கடையில் அதற்கு முன் எவரும் ஒரு பாட்டை அப்படிக் கேட்டதில்லை. தட்டு ஒரு தரம் தயங்கியது, பிறகு உதறிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. பாடகியின் குரல் அறை முழுக்க ஏறி நின்றது.

"என்ன செஞ்சீங்க?" என்று ஹாஜியார் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"நான் ஒண்டும் செய்யல்ல. நீங்கதான் கேக்கிறீங்க, ஹாஜியார்."

"நான் கேக்கல்ல!"

"அப்ப கேக்காம இரிங்கொ பாப்பம்."

அவர் கேட்காமல் இருக்கப் பார்த்தார். ஈரக் கைக்குட்டையைக் கிழித்து இரண்டு காதிலும் அடைத்தார். தன் கடையில் உள்ள பெட்டரிகளின் அளவுகளைச் சிறிதிலிருந்து பெரிதுவரை சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். கார், வேன், லொறி எல்லாம் வந்தன. ஆனால் வலது கை அவர் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது; வாய் பெட்டரி சொல்லியது, அதுவும் கொஞ்ச நேரத்தில் தாளத்துக்குத் தக்கபடி சொல்லியது. எழும்பிப் போயிருக்கலாம். போனால் நின்றதற்குச் சாட்சி யார்? பக்கம் முடிகிற நேரத்தில் மஸாஹிரா மற்ற ப்ளேயரில் வேறொரு தட்டை வைக்கப் போனாள். காதில் துணி அடைத்திருந்த ஹாஜியார், "அந்தப் பொம்புளயே பாடட்டும்" என்றார்.

அன்று மாலைவரை அந்தப் பெண்ணே பாடினாள்; தட்டைத் திருப்பிப் போடுகிற இடைவெளியை ஹாஜியார் கணக்கில் எடுக்கவில்லை. லோஜினி எழும்பிப் பார்த்தபோது மழை தணிந்திருந்தது, ஹாஜியார் கதிரையில் கண்ணை மூடி இருந்தார், தட்டு நன்றாகச் சுற்றியது. போகும்போது அவர் பச்சை லேபலைக் காட்டி, அதைச் சுற்றித் தரச் சொன்னார். மஸாஹிரா தலையை ஆட்டினாள். "முதல் தரம் நடுவுல வந்தீங்க. அதுக்குப் பொறகு காதுல துணி. ஒரு பக்கம் முதல்ல இருந்து ஒழுங்காக் கேட்டாத்தான் விப்பேன்." கட்டடத்துக்காரன் என்பதைச் சொல்லிப் பார்த்தார். கட்டடம் உங்களுடையது, சட்டம் என்னுடையது என்று பதில் வந்தது. மறுநாள் வந்தார், பாதியில் யாரோ பெட்டரி கேட்டுப் போன் எடுத்தார்கள். பேசினார், ஆகவே அது கணக்கில் வரவில்லை. அதன் பிறகும் பலமுறை வந்தார், ஒவ்வொரு முறையும் போன். ஒருநாள் மின்வேலைக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்து, வயரைத் திருப்பிப் போட்டுத் தருகிறேன், தட்டைத் தா என்று பேரம் பேசினார். "வயர் வேணாம். துணி காயப்போட இடமில்லாமப் போகும்" என்று சொல்லி அந்த மனிதனை அவள் திருப்பி அனுப்பினாள்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, போனைத் தேத்தண்ணிக் கடையில் கொடுத்துவிட்டு ஹாஜியார் மேலே ஏறினார். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை நின்றே கேட்டார். மஸாஹிரா தட்டை உறையில் போட்டு, பையில் வைத்துக் கொடுத்தாள். படி வரைக்கும் போனவர் திரும்பி வந்து, வீட்டில் ப்ளேயர் இல்லை என்றார். இல்லாவிட்டால் என்ன, இந்தப் பிள்ளைக்கும்தான் இல்லை என்று மஸாஹிரா லோஜினியைக் காட்டினாள். "கொண்டு வந்து இங்க கேளுங்கொ."

அப்படித்தான் நடக்கிறது. கட்டடம் இடிபடவில்லை, வயர் அறுந்தபடி தொங்குகிறது, மீற்றர்காரர் பூச்சியம் எழுதுகிறார். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் பவாஸ் ஹாஜியார் பச்சை லேபல் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். லோஜினி தள்ளி இடம் கொடுப்பாள். சத்தியம் இன்னும் அப்படியே இருக்கிறது, அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்று அவர் எல்லோருக்கும் நினைவூட்டுவார். "இண்டைக்கு நிக்கும், பாத்துட்டு இரிங்கொ. நிண்ட ஒடன சாவி எனக்கு" என்று சொல்லி, நிற்பதைத் தவறவிடாமல் இருக்க, கதிரையை ஸ்பீக்கருக்குக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.